மணி அடித்தபோது நின்றவர்கள்

எங்கள் ஊரில் ஒருவனுக்கும் கொலைகூட ஒழுங்காகச் செய்ய வராது. இரண்டு வருடமாக என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்த வரியோடுதான் கதையைத் தொடங்கினேன். ஆதார் அட்டை நகலெடுக்க வந்தவர்கள், பிரமாணப் பத்திரம் டைப் அடிக்க வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லாரும் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். நான் நன்றாகச் சொல்லுவேன். வாய்த் துடுக்கு எங்கள் குடும்பச் சொத்து.

கடை தூத்துக்குடியில், கோர்ட்டுக்கு எதிர் வரிசையில் இருக்கிறது. வீடு ஊருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில். எங்கள் ஜனம் ஞானஸ்நானம் வாங்கி ஐந்நூறு வருடத்தை நெருங்குகிறது. முத்துக் குளித்த பரம்பரை என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லுவார்கள். அப்படிச் சொல்லுகிறவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பளவு தண்ணீரில் நிற்கவே பயம். முத்து எடுத்தவர்கள் எப்போதோ செத்துப்போனார்கள். பெருமையை மட்டும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஊரில் பெரிய தெரு ஒன்றுதான். மாதா கோயிலில் தொடங்கி, ஐஸ் பிளாண்டைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்தில் போய் முடியும். தெருவுக்கு மேற்கே உப்பளம். உப்பளத்தின் ஓரத்தில் அங்கே வேலை பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் எங்களைப் போல வேதக்காரர்கள்தான். அதே கோயிலில்தான் பூசை பார்க்கிறார்கள், கடைசி வரிசையில். அதே கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கமாகிறார்கள், கடைசி மூலையில். ஆனால் அவர்கள் வீட்டுப் பிணம் பெரிய தெரு வழியாக வரக்கூடாது. உப்பளத்தைச் சுற்றிப் போய், ஓடையில் இறங்கி, முழங்கால் சேற்றில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஓர் ஐப்பசி மழையில் தூக்கியவர்களில் ஒருவன் வழுக்கி, பெட்டி ஓடையில் கவிழ்ந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியனைப் பற்றி. எல்லாரும் தலையாட்டிக் கேட்டோம்.

இந்தத் தெருவைக் கேட்டுத்தான் ஸார் வழக்குப் போட்டார். ஸார் என்றால் நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மா வழியில் ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்பு வாரிய குடும்பம். டீக்கடையில் தனி கிளாஸ், பள்ளிக்கூடத்தில் தனித் தண்ணீர்ப் பானை என்று மாவட்டத்தில் எங்கே என்ன அநியாயம் நடந்தாலும் அங்கே போய் நிற்பார். மதுரை, மெட்ராஸ் என்று பேசக் கூப்பிடுவார்கள். அவரைத் தலைவர் என்று எழுதாத பத்திரிகை இல்லை. எனக்கு அவர் மூன்று வரியில் முடிகிற மனுவை மூன்று பக்கத்துக்கு எழுதிக்கொண்டுவந்து, டைப் அடித்த பிறகு காற்புள்ளி சரியில்லை என்று திருப்பித் தருகிற ஆள். அப்படித்தான் பழக்கம். பிறகு அவருக்குக் கண்ணில் புரை விழுந்து பைக் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவசரத்துக்கு என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார ஆரம்பித்தார்.

நான் பெரிய தெருவில் பிறந்தவள். "நீ எதுக்குளா அந்த வாத்தியாரத் தூக்கிச் சொமக்க?" என்று என் சித்தி மகள்களே கேட்டார்கள். அந்தப் பெட்டி ஓடையில் கவிழ்ந்தபோது நான் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், முழுவதையும் பார்த்தேன். அதைச் சொன்னால் புரிந்துகொள்கிற முகம் ஒன்றும் அவர்களிடம் இல்லை. பொழுதுபோகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஹைகோர்ட்டில் ஆர்டர் வந்தது. தெரு எல்லாருக்கும் பொது, எந்தப் பிணத்தையும் தடுக்கக்கூடாது. அதன் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கையோடு கொடுக்கவேண்டும் என்று ஸார் ஒற்றைக் காலில் நின்றார். ஆபீஸ் பெரிய தெருவில், ஐஸ் பிளாண்டுக்கு எதிரே. கூட்டிக்கொண்டு போனேன். அவர் உள்ளே போக, நான் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போது மணி பன்னிரண்டு ஆகப்போகிற நேரம்.

ஐஸ் பிளாண்ட் ஊர்க் கமிட்டித் தலைவருடையது. தலைவருக்கு ஒரு குணம் உண்டு, எந்த வேலையையும் ஆளை நம்பி விடமாட்டார். ஐஸ் பெட்டி ஏற்றும்போதும் பக்கத்தில் நின்று, அதை எடு, இதை வை என்று விரலை நீட்டிக்கொண்டே இருப்பார். அன்றைக்கும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றார். அவரை அங்கே பார்ப்பது புதிதில்லை என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஸார் வெளியே வந்தார். பக்கத்தில் ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருவர், அவருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலை. இரண்டு பேரும் ரோட்டில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய ஒருவன், யூரியா சாக்குக்குள்ளிருந்து அரிவாளை எடுத்தான். கொஞ்சம் தள்ளி இன்னொருவன் பைக்கை உறுமவிட்டபடி இருந்தான். அந்த நொடியில், மாதா கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை மத்தியான மணியை அடித்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளை எங்கள் கோயில்களில் ஜெப மணி அடிக்கும். முதலில் மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று, மறுபடி இடைவெளி. கடைசியாக மூன்று. அந்த இடைவெளிகளில் ஜெபம் சொல்லவேண்டும். பழைய பழக்கமுள்ளவர்கள் மணி கேட்டதும் இருந்த இடத்தில் நின்று, மடித்த சாரத்தை அவிழ்த்துவிட்டு, சிலுவை அடையாளம் போடுவார்கள். நடக்கத் தொடங்கும் முன்பே பிள்ளைகளுக்கு இதைப் பழக்கிவிடுவோம்.

வெட்ட வந்தவனும் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். மணி கேட்டதும் நின்றுவிட்டான். மடித்த சாரத்தை அவிழ்த்துத் தொங்கவிட்டான். அரிவாள் பிடித்த கையால் சிலுவை போடக்கூடாது அல்லவா, அதனால் அரிவாளை இடது கைக்கு மாற்றினான். மாற்றிவிட்டு வலது கையால் நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று நிதானமாகப் போட்டான். உதடு அசைந்தது. வெட்டுகிறதற்கு முன்னால் ஜெபத்தை முடித்துவிடவேண்டும் என்று நினைத்திருப்பான்.

"ஏலே, என்னலே பண்ணுத? வெட்டுலே" என்று பைக்கில் இருந்தவன் கத்தினான்.

அவன் கண்ணைத் திறந்தான். எதிரே இரண்டு வெள்ளைச் சட்டை. எது என்று தெரியவில்லை. ஐஸ் பிளாண்ட் கேட்டைத் திரும்பிப் பார்த்தான். தலைவர் எப்போதும் போல விரலை நீட்டினார். போஸ்ட்மேனை இல்லை, ஸாரை. பக்கத்தில் நின்று வேலை வாங்கினால்தான் அவருக்குத் திருப்தி.

அதற்குள் அடுத்த மூன்று அடி விழுந்தது. அதற்கும் நின்றான். கடைசி மூன்றும் முடிந்த பிறகுதான் அரிவாளை வலது கைக்கு மாற்றிக்கொண்டு பாய்ந்தான். நான் கத்தினேன். ஸார் திரும்பினார். அவிழ்த்துவிட்ட சாரம் அவன் காலில் சிக்கிக் குப்புற விழுந்தான். கழுத்துக்கு வந்த அரிவாள் ஸாரின் இடது கையில் இறங்கி இரண்டு விரலைக் கொண்டுபோனது. அந்த வழியாக வந்த உப்பு லாரியிலிருந்து குதித்தவர்கள் அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பைக்கில் இருந்தவன் போனவன்தான், இன்றுவரை போலீஸுக்கு அகப்படவில்லை. அவ்வளவு தேடியிருப்பார்கள்.

இதுதான் நான் கடையில் சொன்ன கதை. ஸார் ஏன் நடுரோட்டில் மரம் மாதிரி நின்றார், நடந்து வந்திருந்தால் வண்டியில் ஏறிப் போயிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். "படிச்சவங்கல்லா, ஏதாவது யோசிச்சிட்டு நின்னுருப்பாரு" என்று சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸாரைச் சேர்த்த மறுநாளே கட்சிக்காரர்கள் சால்வையோடு வந்தார்கள். கட்டுப்போட்ட கையின்மேல் சால்வையைப் போர்த்தி போட்டோ எடுத்தார்கள். அவர் வலியில் பல்லைக் கடித்ததை வீரச் சிரிப்பு என்று ஒரு பத்திரிகை எழுதியது. இன்ஸ்பெக்டர் வந்து, முன்விரோதம் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். யாரென்றே தெரியாதவனோடு ஸாருக்கு எப்படி முன்விரோதம் வரும் என்று நான் கேட்டேன். அப்போதுதான் நான் ஒருத்தி பார்த்திருக்கிறேன் என்பதே அவருக்கு உறைத்தது. தலைவர் விரலை நீட்டியதைச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். உப்பளத்துப் பெண்கள் எஸ்.பி. ஆபீஸ் வாசலில் நாலு நாள் உட்கார்ந்த பிறகுதான் தலைவர் பெயர் வழக்கில் ஏறியது. மூன்றாம் வாரம் ஜாமீனில் வந்து, கேட்டில் அதே இடத்தில் நின்றார்.

ஊரில் அதற்குள் அற்புதம் தொடங்கிவிட்டது. மாதாதான் அரிவாளைத் தடுத்தார் என்று பேச்சு. வாராவாரம் மாதாவுக்கு நடக்கிற நவநாள் பூசையில் மைக்கில் சொன்னார்கள். கோயில் முகப்பில் பெரிய ஃபிளக்ஸ் வைத்தார்கள், "அரிவாளைத் தடுத்த அன்னை" என்று. அதன் கீழே உபயம் கமிட்டித் தலைவர் என்று போட்டு, கைகூப்பிய அவர் படம். ஆளை அனுப்பியவரே அற்புதத்துக்கும் ஃபிளக்ஸ் வைக்கிற துணிச்சல் வேறு எந்த ஊரில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாதாவே காப்பாற்றிவிட்டார், இனிமேல் கோர்ட் எதற்கு, கேஸ் எதற்கு என்று கோயில் வாசலில் பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள். அதற்குத்தான் அந்த அற்புதம். ஸாரிடம் இதைச் சொன்னேன். அவர் சி.எஸ்.ஐ.க்காரர், அவர்கள் சபையில் மாதாவை வேண்டுகிற வழக்கம் கிடையாது. கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, "காப்பாத்துனதுதான் காப்பாத்துனாங்க, வெரலயும் சேத்துக் காப்பாத்திருக்கலாம்லா" என்றார்.

இங்கே நிறுத்தி, கடையில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும்.

மணி அடித்ததும் நானும் சிலுவை போட்டேன். கண் முழுக்கத் திறந்திருந்தது. அரிவாளும் தெரிந்தது, அவன் கை மாற்றியதும் தெரிந்தது, தலைவரின் விரலும் தெரிந்தது. ஆனால் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. வாய் தானாக ஜெபத்தைத் தொடங்கிவிட்டது. கத்தவேண்டிய வாய் அது. ஸார் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தார். என்னோடு பழகின நாளிலிருந்து, மத்தியான மணிக்கு நான் கை எடுத்தால், முடிக்கும்வரை பேசாமல் ஒதுங்கி நிற்பார். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் மரியாதை தெரிந்தவர். அன்றைக்கும் என் கை நெற்றிக்குப் போனதைப் பார்த்து, நடுரோட்டில் நின்றார். வெட்டுகிறவன், வெட்டுப்படுகிறவர், பார்க்கிறவள் எல்லாரும் நின்றோம். கடைசி மூன்றாவது அடிக்குப் பிறகுதான் எனக்குச் சத்தம் வந்தது.

இன்னொன்றும் உண்டு. நவநாளில் மைக்கில் சொன்னார்கள் என்றேனே, அது ஒரு நன்றிக் கடிதம். மாதாவிடம் கேட்டது கிடைத்தால் ஒரு தாளில் எழுதிக் கோயில் பெட்டியில் போடுவார்கள். பெயர் போடத் தேவையில்லை. நவநாள் அன்று பங்குச் சாமியார் அவற்றிலிருந்து நாலைந்தை வாசிப்பார். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். முதல் வாரம், வெட்டுக்காயத்தில் விஷம் ஏறி, ஸார் பிழைப்பாரா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்துவிட்டு, டாக்டர் இனிப் பயமில்லை என்று சொன்ன அன்றே போய் எழுதிப் போட்டேன். "ஆபத்து வேளையில் மணி அடித்ததும் கண்களை மூடிக் கண்ணீரோடு உம்மைக் கூவி அழைத்தேன் தாயே" என்று எழுதினேன். கண்ணை மூடவுமில்லை, கண்ணீரும் இல்லை. நன்றிக் கடிதம் என்றால் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். திறந்த கண்ணோடு பார்த்துக்கொண்டே ஜெபித்தேன் என்று எந்தத் தாயிடம் யார் எழுதுவார்கள்? ஊரின் அற்புதம் அந்தத் தாளிலிருந்து புறப்பட்டது. கடையில் உட்கார்ந்து அந்த அற்புதத்தை நாறடித்துக்கொண்டிருந்தவளும் நான்தான். நவநாள் முடிந்ததும் கடிதங்களை எரித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து விசாரணைக்கு வந்தது. வெட்டியவன் விஷயத்தில் சிக்கல் இல்லை. அரிவாளோடு பிடித்த லாரிக்காரர்கள் இருந்தார்கள், ரத்தம் இருந்தது, ஸாரின் கை இருந்தது. தலைவரைச் சிக்கவைக்க என் வாய் ஒன்றுதான் இருந்தது. வெட்டியவன் யார் சொல்லியும் வரவில்லை என்று சாதித்துவிட்டான். போஸ்ட்மேனுக்கு அன்றைக்கு என்ன கிழமை என்பதுகூட ஞாபகம் இல்லையாம். தலைவர் உள்ளே போனால்தான் பெரிய தெருவில் பெட்டி வரும். ஹைகோர்ட் ஆர்டர் கையில் இருந்தும் அந்த இரண்டு வருடத்தில் ஒரு பிணம்கூடத் தெருவில் வரவில்லை. ஒருமுறை வெட்டியவர்கள் மறுமுறை சாரம் தடுக்கி விழமாட்டார்கள் என்று உப்பளத்தில் எல்லாருக்கும் தெரியும்.

சாட்சி சொல்லுகிறதற்கு முந்தின நாள் ஸார் கடைக்கு வந்தார். "கேட்டதுக்குப் பதில் சொல்லு. உள்ளதச் சொல்லு. கத சொல்லாத" என்றார். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியும் ஸார், போங்க" என்றேன்.

கோர்ட் ஹாலில் ஒரு பக்கம் உப்பளத்துப் பெண்கள், இன்னொரு பக்கம் என் சொந்தக்காரர்கள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் சொன்னேன். சாரத்தை அவிழ்த்தது, அரிவாளை மாற்றியது, சிலுவை போட்டது. ஹாலில் சிரிப்பு வந்தது. நீதிபதிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கடையில் இருக்கிற மாதிரி இருந்தது. விரல் நீட்டியதைச் சொன்னபோது தலைவர் தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்து நான் அதுவரை கண்டதில்லை.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். குரலில் சர்க்கரை.

"நீங்க பக்தியான குடும்பம் இல்லையாம்மா?"

"ஆமா."

"மத்தியான மணி அடிச்சா நின்னு ஜெபம் சொல்ற பழக்கம் உங்களுக்கும் உண்டு, அப்படித்தானே?"

"உண்டு."

"அன்னைக்கும் மணி அடிச்சதும் நீங்க சிலுவை போட்டீங்க. சரியா?"

ஆமா, கண்ணைத் திறந்துகொண்டுதான் போட்டேன் என்று சொல்லவேண்டியதுதான். உள்ளது அதுதான். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் ஹாலில் மிச்சமிருந்தது. சாரத்தை அவிழ்த்துவிட்டு நின்ற அந்த மடையனைப் பற்றிச் சொல்லி இப்போதுதான் எல்லாரையும் சிரிக்கவைத்தேன். ஆமா என்று சொன்னால் அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பும். உப்பளத்துப் பெண்கள் ஸாரின் கையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். இரண்டு வருடம் நான் சொன்ன கதையில் நிற்காத ஆள் நான் ஒருத்திதான்.

"இல்ல, போடல" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? அரிவாளோட ஒருத்தன் நிக்கும்போது எவளாவது சிலுவை போட்டுட்டு நிப்பாளா?"

மறுபடி சிரிப்பு வந்தது. வக்கீலும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் உறையில் வைத்த தாள் ஒன்றை எடுத்தார். கோடு போட்ட தாள், நீல மை. இது உங்கள் கையெழுத்துதானே என்றார். மாவட்டத்தில் பாதி மனுக்களுக்கு மேலுறை எழுதுகிற கை என்னுடையது, கோர்ட் குமாஸ்தாவுக்கே அடையாளம் தெரியும். எரிப்பார்கள் என்று நினைத்த தாளைக் கமிட்டி பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறது. அவர் அதைச் சத்தமாகப் படித்தார். கண்களை மூடி, கண்ணீரோடு, கூவி அழைத்தேன் தாயே. ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் படித்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு இருந்தவங்க, ஐஸ் பிளாண்ட் கேட்டுல ஒருத்தர் விரல் நீட்டுனத எப்படிம்மா பாத்தீங்க?"

கண் திறந்துதான் இருந்தது என்று சொன்னேன். அப்படியானால் கடிதம் பொய்யா என்றார். கடிதத்தில் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். சிலுவை போட்டீர்களா இல்லையா என்றார். போட்டேன் என்றேன். ஐந்து நிமிடம் முன்னால் போடவில்லை என்றீர்களே என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஸார் முதல் பெஞ்சில் இருந்தார். வலது கையால் இடது கையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

தீர்ப்பில், வெட்டியவனுக்கு ஏழு வருடம். தலைவருக்குச் சந்தேகத்தின் பலன். ஒரே சாட்சி மாதாவிடம் ஒன்றும் கோர்ட்டில் ஒன்றும் சொல்லியிருப்பதால் நம்பத்தகுந்தவர் அல்ல என்று நீதிபதி படித்தார். சரியாகத்தான் சொன்னார்.

கோர்ட் படியில் ஸார் நின்றார். நான் வண்டியை எடுக்காமல் நின்றேன்.

"கண்ணத் தெறந்துகிட்டேதான் போட்டேன்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்றார். "ரெண்டு நாள் சிரிச்சிருப்பாங்க. அவ்வளவுதான்."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று ரோட்டைக் கடந்தார்.

அந்த வாரமே தலைவர் கடைக்கு வந்தார். இருபது வருடத்தில் என் கடைப் படியை மிதிக்காதவர். நன்றிப் பூசை வைத்திருக்கிறாராம், அதற்கு அழைக்க வந்தார். கையில் கேக் பெட்டி. குரலைத் தாழ்த்தி, "ஒம் மனசு எனக்குத் தெரியும்ளா. அங்கன போய் நின்னாலும் கடைசில நம்ம ரெத்தம் நம்ம ரெத்தம்தான். காரியமாத்தான செஞ்ச" என்றார். நான் வேண்டுமென்றே உளறி அவரைக் காப்பாற்றியதாக நினைத்துவிட்டார். அந்த ஆளுக்கு மனிதர்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். கேக் பெட்டியை அவர் கண்முன்னாலேயே குப்பைக் கூடையில் போட்டேன். அதையும் ஊருக்காகச் செய்கிற நடிப்பு என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடி போனார்.

அவர் அப்படி நினைத்தால் எனக்கென்ன. ஆனால் உப்பளத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவரும் வந்து கேட்கவில்லை, சண்டை போடவில்லை. நகல் எடுக்க என்னிடம் வருகிறவர்கள் இரண்டு கடை தள்ளிப் போகத் தொடங்கினார்கள். போய், நான் செய்தது சதி இல்லை, வெறும் கௌரவம், நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம் என்று சொல்லலாம். அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சதி என்றாவது இருந்தால் அதில் கொஞ்சம் மூளை இருந்திருக்கும்.

போன மழையில் ஒரு நாள் காலை, அந்த வரிசையில் என் கடை மட்டும்தான் திறந்திருந்தது. எஸ்.பி. ஆபீஸ் வாசலில் நாலு நாள் உட்கார்ந்தவர்களில் ஒருத்தி வந்தாள், என் வயதுதான் இருக்கும். புருஷனின் இறப்புச் சான்றுக்குத் தாள்கள் நகல் எடுக்கவேண்டும். ஈரம் படாமல் பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். எடுத்துக் கொடுத்தேன்.

"அடக்கம் எப்ப?" என்றேன்.

"சாயந்தரம்."

"எந்த வழியாக் கொண்டுபோறிய?"

"ஓட வழியாத்தான். தெருவுல எப்படிப் போக, தலைவரு வெளிய நிக்காருல்லா." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தாள்களைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸார் முன்னால வாராரு. முடியாத கைய வச்சிக்கிட்டு அவரும் பெட்டியப் பிடிப்பேன்னு நிக்காரு."

"நானும் வாரேன்" என்றேன்.

தாள்களைப் பையில் சுற்றி இடுப்பில் செருகினாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒங்களுக்கு எதுக்குக்கா அந்தச் சேறு" என்றாள். "நீங்க தெரு வழியா வாங்க."